புனித தோமையார் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள், என்னால முடிஞ்ச பதில்கள்

இயேசுவோட பன்னிரண்டு சீஷர்கள்ல ஒருத்தரான தோமையாரோட திருநாள் ஜூலை 3. அது பக்கத்துல வந்தாலே என் வாட்ஸப்ல தோமையார் கேள்விகள் வர ஆரம்பிச்சிடும். சென்னையில அவர் பேர்ல இருக்கற சாந்தோம் சர்ச்சுக்குப் போயிட்டு வந்தவங்க, பரங்கிமலை ஏறிட்டு வந்தவங்க, கூட வேலை பாக்குற மலையாளி நண்பர்கள், சர்ச்சுக்கே போகாத இந்து நண்பர்கள், எல்லாரும் கேக்குறது கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான், அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பைபிள்ல இருக்கறது எது, மரபா சொல்லி வர்றது எது, காசு கல்வெட்டுனு கையில கிடைச்சது எது, இந்த மூணையும் நான் கலக்க மாட்டேன். அவர் மேல பக்தி இல்லாததால இல்ல, இருக்கறதாலதான். கண்ணால பாக்காம நம்ப மாட்டேன்னு பத்து பேர் முன்னாடி சொன்ன மனுஷனைப் பத்தி எழுதறப்போ அளந்து விடக்கூடாது.

தோமா, தோமையார், தாமஸ், சாந்தோம் எல்லாம் ஒரே ஆளா?

ஒரே ஆள்தான். தோமாங்கறது அரமேயிக் மொழியில "இரட்டையர்"னு அர்த்தம் வர்ற சொல். யோவான் நற்செய்தியில "திதிமு என்னப்பட்ட தோமா"னு வரும்ல, அந்த திதிமுவும் கிரேக்கத்துல அதே இரட்டையர்தான். அப்போ அது பட்டப்பேர் மாதிரி, சொந்தப் பேர் யூதானு பழைய சிரியா மரபுல சொல்றாங்க, அங்க அவரை யூதா தோமானே எழுதுவாங்க. யாரோட இரட்டைனு பைபிள் சொல்லவே இல்ல. நம்ம ஊர்ல சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே ஆளுங்க தோமானு சொல்வாங்க, கத்தோலிக்கங்க தோமையார், தோமையப்பர்னு சொல்வாங்க. சாந்தோம் போர்ச்சுகீசியர் வச்ச பேரு, அவங்க மொழியில "புனித தோமா"ங்கறதை நாம வாயில போட்டு சாந்தோம் ஆக்கிட்டோம்.

பைபிள்ல அவரைப் பத்தி எவ்ளோ இருக்கு?

ரொம்பக் கம்மி. மத்தேயு, மாற்கு, லூக்கா மூணுலயும் பன்னிரண்டு பேர் லிஸ்ட்ல பேர் வரும், அவ்ளோதான். அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்துலயும் லிஸ்ட்தான். அவர் வாயைத் திறந்து பேசுறது யோவான்ல மட்டும்தான், 11, 14, 20 அதிகாரங்கள்ல. 21-ல திபேரியாக் கடல்ல மீன் பிடிக்கப் போன ஏழு பேர்ல ஒருத்தரா இருப்பார், ஆனா பேசமாட்டார். எந்த ஊர், அப்பா அம்மா யாரு, என்ன தொழில், எதுவும் இல்ல. மீனவர்னு சிலர் அடிச்சு சொல்வாங்க, படகுல இருந்தார்ங்கறதுக்கு மேல அதுக்கு ஆதாரம் கிடையாது.

"சந்தேக தோமா"னு சொல்றாங்களே, அவ்ளோ நம்பிக்கை இல்லாதவரா?

எனக்கு மனசு கஷ்டமா இருக்கற பேர் இதுதான், அதனால இந்த பதில் கொஞ்சம் நீளமாப் போகும்.

முதல்ல யோவான் 11 படிங்க. லாசரு செத்துட்டான், இயேசு திரும்ப யூதேயாவுக்குப் போகலாம்னு சொல்றார். கொஞ்ச நாள் முன்னாடிதான் அங்க அவரைக் கல்லெறிஞ்சு கொல்லப் பாத்தாங்க, சீஷர்கள் எல்லாரும் வேண்டாம்னு தடுக்கறாங்க. அப்போ மத்தவங்களைப் பாத்து, வாங்க நாமளும் போவோம், அவரோட சேர்ந்து சாவோம்னு சொன்னது யாரு? பேதுரு இல்ல, யோவான் இல்ல, தோமா. இந்த வசனத்தை வச்சு "தைரிய தோமா"னு யாரும் பேர் வைக்கல பாருங்க.

அடுத்து 14-ம் அதிகாரம், கடைசி இராவுணவு. நான் போற இடத்துக்கு வழி உங்களுக்குத் தெரியும்னு இயேசு சொல்றார். எல்லாரும் புரிஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்காங்க. இவர் மட்டும்தான், ஆண்டவரே நீங்க எங்க போறீங்கனே தெரியல, வழி எப்படித் தெரியும்னு கேக்குறார். நானே வழியும் சத்தியமும் ஜீவனும்ங்கற பதில் நமக்குக் கிடைச்சதே அந்தக் கேள்வியாலதான். கிறிஸ்தவங்க வீட்டு வாசல்ல, கல்யாணப் பத்திரிகையில, கல்லறையில எல்லாம் எழுதி வைக்கிற வசனம், தெரியலனு வெட்கப்படாம சொன்ன ஒருத்தருக்குக் கிடைச்ச பதில்.

இப்போ 20-க்கு வாங்க. உயிர்த்தெழுந்த அன்னிக்கு சாயங்காலம் மத்தவங்க பூட்டின கதவுக்குள்ள பயந்து இருந்தாங்க, இயேசு வந்து அவரே கையையும் விலாவையும் காமிச்சார். தோமா அங்க இல்ல. வந்ததும் அவர் கேட்டது என்ன? மத்தவங்களுக்கு ஏற்கனவே காமிச்ச அதே காயங்களைத்தான், விரல் விட்டுப் பாக்கணும்னு சேர்த்துக் கேட்டார், அவ்ளோதான் வித்தியாசம். உயிர்த்தெழுந்த இயேசுவைப் பாத்தேன்னு மகதலா மரியாள் சொன்னப்போ மத்த சீஷர்களும் நம்பலனு மாற்கு 16-லயே இருக்கு. அப்புறம் எட்டு நாள். அந்த எட்டு நாளும் அவர் அந்தக் கூட்டத்தை விட்டுட்டுப் போகல, நம்பாமலே அவங்களோட இருந்தார், அவங்களும் வெளிய தள்ளல. இது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது.

எட்டாம் நாள் இயேசு வந்து நேரா அவரைக் கூப்பிடறார். அதுக்கு வந்த பதில்தான் "என் ஆண்டவரே, என் தேவனே". நாலு நற்செய்தியிலயும் ஒரு சீஷன் இயேசுவை நேருக்கு நேரா தேவன்னு கூப்பிட்டது அந்த ஒரு இடத்துலதான். எல்லாரையும் விட லேட்டா வந்தார், எல்லாரையும் விட தூரமாப் போனார்.

அவர் நிஜமாவே காயத்துல விரலை விட்டாரா?

வசனத்துல விட்டார்னு இல்ல. வா, தொட்டுப் பாருனு இயேசு சொல்றார், உடனே தோமாவோட அறிக்கை வந்துடும், நடுவுல தொட்டதா ஒரு வரி கிடையாது. இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1600 வாக்குல வரைஞ்ச படத்துல விரல் காயத்துக்குள்ள போற மாதிரி இருக்கும், அந்த மாதிரி படங்களைப் பாத்துப் பாத்து நம்ம மனசுல அது பதிஞ்சு போச்சு. தொடாமலே முழங்கால் போட்டிருப்பார்னுதான் நான் நினைக்கிறேன்.

அவர் இந்தியாவுக்கு வந்தது உண்மையா, கட்டுக்கதையா?

கி.பி. 52-ல கேரளாக் கரையில கொடுங்கல்லூர் பக்கம் இறங்கினார், 72-ல மயிலாப்பூர்ல வேதசாட்சியா, அதாவது விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டு மரிச்சார், இது மரபு. இந்த ரெண்டு வருஷமும் முதல் நூற்றாண்டு ஆவணம் எதுலயும் எழுதியிருக்கறது இல்ல, சந்ததி சந்ததியா சொல்லி வந்தது. பைபிள்லயும் இந்தியா பயணம் கிடையாது.

எழுத்துல பழசு எதுனா, 3-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல சிரியாக் மொழியில எதெஸா பக்கம் எழுதின "தோமாவின் பணிகள்"ங்கற நூல். எதெஸா இன்னிக்கு துருக்கியில இருக்கற உர்ஃபா. அந்த நூல் இந்தியானுதான் சொல்லுது. அதே காலத்துல ஓரிகன்ங்கற சபை அறிஞர், தோமாவுக்கு பார்த்தியா நாடு சீட்டுல விழுந்துச்சுனு சொன்னதா சபை வரலாறு எழுதின யூசேபியஸ் எழுதி வச்சிருக்கார், பார்த்தியா ஈரான் பக்கம். 4-ம் நூற்றாண்டுல எப்ரேம், அம்புரோஸ், ஜெரோம் மாதிரி சபைத் தந்தைகள் இந்தியானு எழுதறாங்க. இதுல எந்த இந்தியா, வடக்கா தெற்கானுதான் அறிஞர்களுக்குள்ள சண்டை. ரெண்டு பக்கமும் வந்திருக்கலாம்னு சொல்றவங்களும் உண்டு.

2006-ல போப் பெனடிக்ட் ஒரு உரையில தோமா மேற்கு இந்தியா வரைக்கும் போனார், அங்கிருந்து கிறிஸ்தவம் தெற்குக்குப் போச்சுங்கற மாதிரி பேசிட்டார், கேரளாவுல பயங்கர வருத்தம், அப்புறம் அச்சுல வந்தப்போ வாசகத்தை மாத்தினாங்க. அந்த ஒரு வரி அவங்களுக்கு எவ்ளோ முக்கியம்னு அதுலயே தெரியும்.

என் கணக்குல ரொம்ப வலுவான விஷயம் ஒண்ணு உண்டு. எதெஸாக்காரங்ககிட்ட அவரோட எலும்புகள் இருந்துச்சு, பெரிய கோயில் இருந்துச்சு, 384-ல எஜேரியானு ஒரு யாத்ரீகப் பெண்மணி போய்க் கும்பிட்டிருக்காங்க. அவங்க நெனச்சிருந்தா அப்போஸ்தலர் எங்க ஊர்லதான் செத்தார்னு சொல்லியிருக்கலாம், அவங்களுக்கு அது பெருமைதானே. ஆனா அவங்க சொன்னது என்ன, ஒரு வியாபாரி இந்தியாவுல இருந்து எலும்பைக் கொண்டு வந்தார்னுதான், எப்ரேம் பாட்டுலயே அது இருக்கு. தனக்கு லாபம் இல்லாத சாட்சியை லேசுல தள்ளிட முடியாது. நான் நம்புறேன். கோர்ட்ல நிரூபிக்கிற மாதிரி நிரூபிச்சாச்சுனு மட்டும் சொல்லமாட்டேன்.

அந்தக் காலத்துல பாலஸ்தீனத்துல இருந்து கேரளாவுக்கு எப்படி வர முடியும்?

இதுலதான் சந்தேகமே வேண்டாம். முதல் நூற்றாண்டுல எகிப்துல இருந்து செங்கடல் வழியா பருவக்காத்தைப் புடிச்சு கப்பல்கள் வருஷா வருஷம் கேரளாக் கரையில இருந்த முசிறித் துறைமுகத்துக்கு வந்துட்டு இருந்துச்சு. யவனர் கப்பல் பொன்னோட வந்து மிளகோட திரும்பிப் போச்சுனு நம்ம அகநானூறே சொல்லுது, சுள்ளியம் பேரியாறு, முசிறினு பேர் போட்டு. முசிறியில இருந்து போன சரக்குக்கான 2-ம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் பாப்பிரஸ் தாள்ல கிடைச்சு வியன்னாவுல இருக்கு. கொடுங்கல்லூர் பக்கம் பட்டணம்ங்கற ஊர்ல 2007-ல இருந்து தோண்டினதுல ரோமானிய ஜாடி உடைசல் ஏகப்பட்டது வந்துச்சு. வியாபாரி வந்த கப்பல்ல ஒரு யூதர் ஏறி வர்றது அதிசயமே இல்ல. வந்திருக்க முடியுமாங்கறதுக்கு ஆமா, அது நிச்சயம். வந்தாராங்கறது மேல சொன்னது.

ராஜாவுக்கு அரண்மனை கட்டின கதை என்ன?

தோமாவின் பணிகள் நூல்ல வர்ற கதை, எனக்கு ரொம்பப் பிடிச்சது. சீஷர்கள் எந்த நாட்டுக்கு யாருனு சீட்டு போடறாங்க, இவருக்கு இந்தியா விழுது. இவர் போகமாட்டேங்கறார்! உடம்புல தெம்பில்ல, நான் எபிரேயன், இந்தியர்களுக்கு நான் எப்படிப் போதிப்பேன்னு. அப்போ இயேசு ஹப்பான்ங்கற வியாபாரிகிட்ட, தச்சு வேலை தெரிஞ்ச என் அடிமை இவன்னு சொல்லி வித்துடறார். வியாபாரி இவர்கிட்ட வந்து, அவர் உன் எஜமானரானு கேக்கறான், இவரால இல்லனு சொல்ல முடியுமா, ஆமாங்கறார், கதை முடிஞ்சது, கப்பல் ஏறியாச்சு.

அங்க குந்தபோரஸ்ங்கற ராஜா அரண்மனை கட்டச் சொல்லி பணம் குடுக்கறார். இவர் எல்லாத்தையும் ஏழைங்களுக்குக் குடுத்துடறார். ராஜா வந்து அரண்மனை எங்கனு கேட்டா, கட்டியாச்சு, இந்த உலகத்தை விட்டுப் போனப்புறம் பாப்பீங்கங்கறார். ஜெயில்ல போட்டாச்சு. அன்னிக்கு ராத்திரி ராஜாவோட தம்பி காத் செத்துப் போய், மேல ஒரு அழகான மாளிகையைப் பாத்து இது யாரோடதுனு கேக்கறான், உன் அண்ணனுக்கு அந்தக் கிறிஸ்தவன் கட்டினதுனு பதில் வருது. உயிர் திரும்பி வந்து அண்ணன்கிட்ட அந்த மாளிகையை எனக்கு வித்துடுங்கறான்.

இது நடந்த சம்பவமா? கதைனுதான் நானும் எடுத்துக்கறேன். ஆனா ஒரு ஆச்சரியம். குந்தபோரஸ்னு ஒரு ராஜா இருந்ததே வேற எங்கயும் தெரியாம, கற்பனைப் பேர்னு நெனச்சுட்டு இருந்தாங்க. 19-ம் நூற்றாண்டுல ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பக்கம் அவர் பேர் போட்ட காசுகள் கிடைக்க ஆரம்பிச்சுது. இன்னிக்குப் பாகிஸ்தான்ல இருக்கற தக்த்-இ-பாஹியில கிடைச்ச கல்வெட்டு அவர் ஆட்சியோட 26-ம் வருஷத்துது, பொதுவா கி.பி. 46-னு கணக்குப் பண்றாங்க. சரியா தோமா காலம். எதெஸாவுல உட்கார்ந்து 200 வருஷம் கழிச்சு எழுதினவருக்கு இந்த ராஜா பேர் தெரிஞ்சிருக்குனா, ஏதோ ஒரு பழைய செய்தி கைமாறி வந்திருக்கு.

ஏழரைப் பள்ளினா என்ன?

மலையாளத்துல பள்ளினா சர்ச். கேரளாவுல அவர் ஏழு சபைகளை ஏற்படுத்தினார்ங்கறது மரபு: கொடுங்கல்லூர், பாலயூர், கோட்டக்காவு, கொக்கமங்கலம், நிரணம், நிலக்கல், கொல்லம். அரைப் பள்ளி நம்ம தமிழ்நாட்டுல, கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கத்துல திருவிதாங்கோடு. அங்க இருக்கற சின்ன கருங்கல் கோயில் இன்னிக்கு மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை கையில இருக்கு. "அரை"ங்கறது பாதியா, இல்ல அரசன் குடுத்த பள்ளி அரப்பள்ளி ஆச்சாங்கறதுக்கு ரெண்டு விளக்கமும் சொல்றாங்க. நாகர்கோவில் போறவங்க நிறைய பேர் இதைப் பாக்காமலே பத்மநாபபுரம் அரண்மனையை மட்டும் பாத்துட்டு வந்துடறாங்க, பக்கம்தான், போய்ட்டு வாங்க.

எப்படி இறந்தார்?

தோமாவின் பணிகள் நூல்ல மஸ்தாய்ங்கற ராஜாவோட ஆணையில ஒரு மலைக்குக் கூட்டிட்டுப் போய் நாலு சிப்பாய்கள் ஈட்டியால குத்தினாங்கனு இருக்கு. நம்ம சென்னை மரபுல பரங்கிமலையில ஜெபம் பண்ணிட்டு இருந்தப்போ பின்னாடி இருந்து ஈட்டியால குத்தினாங்க, உடலை மயிலாப்பூர் கடற்கரைக்குக் கொண்டு வந்து அடக்கம் பண்ணினாங்க. மார்கோ போலோ 13-ம் நூற்றாண்டுக் கடைசியில கேட்டு எழுதினது இன்னொண்ணு, காட்டுல ஜெபம் பண்ணிட்டு இருந்தவர் மேல மயில் வேட்டைக்காரன் விட்ட அம்பு தெரியாம பட்டுடுச்சுனு. மயிலாப்பூர்ல மயில் கதை, உள்ளூர்க்காரங்க யாரோ சொல்லித்தான் அவர் காதுக்குப் போயிருக்கும். இந்த பிராமணர் கொன்னார், அந்த சாதிக்காரர் கொன்னார்னு இன்னிக்கு ஃபார்வர்டு சுத்துது பாருங்க, தயவுசெஞ்சு அதை அனுப்பாதீங்க. 1900 வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுனு சொல்ற ஒண்ணை வச்சு இன்னிக்குப் பக்கத்து வீட்டுக்காரனை முறைக்கிறது அவர் சொல்லிக் குடுத்தது இல்ல.

சின்னமலை குகை?

சைதாப்பேட்டை அடையாறு பாலம் தாண்டினதும் இருக்கு, மெட்ரோ ஸ்டேஷன் பேரே சின்னமலை. எதிரிகளுக்கு ஒளிஞ்சு அவர் தங்கியிருந்த குகைனு மரபு, குனிஞ்சுதான் உள்ள போகணும். ஒரு சின்ன துவாரம் காமிப்பாங்க, அது வழியா தப்பிச்சு பெரிய மலைக்கு, அதாவது பரங்கிமலைக்குப் போனார்னு. பக்கத்துல பாறையில ஊத்து. போர்ச்சுகீசியர் 1551-ல கட்டின சின்ன சர்ச்சும், பிற்காலத்து வட்டமான பெரிய சர்ச்சும் அங்க இருக்கு. ஈஸ்டருக்கு அப்புறம் வர்ற திருவிழாவுக்கு எங்க பாட்டி எங்களை எல்லாம் இழுத்துட்டுப் போவாங்க, குகைக்குள்ள அந்த ஜில்லுனு இருக்கற பாறையில கன்னத்தை வச்சு நிப்பாங்க, கூட்டம் தள்ளினாலும் நகரமாட்டாங்க.

பரங்கிமலைல ரத்தம் கசிஞ்ச சிலுவை, அது தோமையார் செதுக்கினதா?

போர்ச்சுகீசியர் அந்த மலையில 1523-ல கோயில் கட்டினாங்க, 1547-ல அஸ்திவாரம் தோண்டினப்போ இந்தக் கல் சிலுவை கிடைச்சது. 1558 டிசம்பர் 18 பூசை நடக்கறப்போ எல்லார் முன்னாடியும் ரத்தம் மாதிரி கசிஞ்சுதுனு பதிவு இருக்கு, அதுக்கப்புறம் பல தடவை, கடைசியா 1704-லனு சொல்றாங்க. இன்னிக்கும் அது பீடத்துலதான் இருக்கு.

அவரே கையால செதுக்கினதுங்கறது பக்தியில சொல்றது. சிலுவையைச் சுத்தி இருக்கற எழுத்து பஹ்லவி, அதாவது பழைய பாரசீகம், பெரும்பாலான அறிஞர்கள் 7, 8-ம் நூற்றாண்டு வாக்குல வைக்கிறாங்க. எழுதினவருக்கு இரக்கம் காட்டச் சொல்லி ஆண்டவர்கிட்ட வேண்டுற மாதிரி ஒரு வாசகம், படிக்கிறவங்களுக்குள்ள வித்தியாசம் உண்டு. இதே மாதிரி சிலுவை கோட்டயம் வலியபள்ளியிலயும் இருக்கு. இதைக் கேட்டு வருத்தப்படாதீங்க, எனக்கு இது இன்னும் பெருசாத்தான் தெரியுது. போர்ச்சுகீசியர் கப்பல் கனவுலகூட வராத காலத்துலயே பாரசீகம் பேசின கிறிஸ்தவங்க இந்த மலை மேல ஏறி வந்து ஜெபம் பண்ணியிருக்காங்க, எதுக்கு வந்தாங்க, இங்க என்ன இருக்குனு வந்தாங்கனு யோசிச்சுப் பாருங்க.

பரங்கிங்கறது ஐரோப்பியரை, இங்க போர்ச்சுகீசியரை சொல்றது, அதான் பரங்கிமலை. மலைக்கு ஏறுற படிக்கட்டைக் கட்டிக் குடுத்தது கோஜா பெட்ரஸ் உஸ்கான்ங்கற அர்மீனிய வியாபாரி, 1726-ல சைதாப்பேட்டையில மர்மலாங் பாலம் கட்டினவரும் அவர்தான்.

சாந்தோம் கல்லறையில இப்போ அவர் உடல் இருக்கா?

முழுசா இல்ல. பெரும்பகுதி எதெஸாவுக்குப் போச்சு, அங்கிருந்து கிரேக்கத்துல இருக்கற கியோஸ் தீவு, 1258-ல இத்தாலியில ஒர்த்தோனா, இன்னிக்கும் அங்கதான். 1953-ல ஒர்த்தோனாவுல இருந்து ஒரு கை எலும்பு கொடுங்கல்லூருக்கு வந்தது. சாந்தோம்ல ஒரு சின்ன எலும்புத் துண்டும் ஈட்டி முனையும் வச்சிருக்காங்க. போர்ச்சுகீசியர் 1517-ல அர்மீனிய வியாபாரிகளோட வந்து இடிஞ்ச கோயிலைப் பாத்தாங்க, 1523-ல கல்லறையைத் திறந்தாங்க. இப்போ நிக்கற உயரமான வெள்ளைக் கோபுரம் அவங்க கட்டினது இல்ல, 1896-ல முடிஞ்ச கட்டடம். 1956-ல பசிலிக்காங்கற சிறப்புத் தகுதி கிடைச்சது. 1986 பிப்ரவரி 5 போப் இரண்டாம் ஜான் பால் வந்து கல்லறையில முழங்கால் போட்டார்.

எலும்பு எங்க இருக்குங்கறதை விட எனக்கு முக்கியம் அந்த மண்ணு. இங்க வர்ற யாத்ரீகர்கள் அந்த இடத்து மண்ணை எடுத்துட்டுப் போய் தண்ணியில கலந்து காய்ச்சல்காரங்களுக்குக் குடுப்பாங்கனு மார்கோ போலோ எழுதறார், கிறிஸ்தவங்க மட்டும் இல்ல, முஸ்லிம்களும் வந்து அவரைப் பெரிய மகானா மதிச்சாங்கனும் எழுதறார்.

சர்ச் இருக்கற இடத்துல முன்னாடி கபாலீஸ்வரர் கோயில் இருந்துச்சாமே?

இந்தக் கேள்வியை ஒதுக்கிட்டுப் போறவங்களை எனக்குப் பிடிக்காது. பழைய கபாலீஸ்வரர் கோயில் கடற்கரை ஓரமா இருந்துச்சு, போர்ச்சுகீசியர் காலத்துல அழிஞ்சது, இப்போ குளத்தோட இருக்கற கோயில் அப்புறம் கட்டினதுனு வரலாற்று ஆய்வாளர்கள் பலரும் சொல்றாங்க. சம்பந்தர் மயிலையில மாசிக் கடலாட்டு நடந்ததைப் பாடியிருக்கார். சாந்தோம் வளாகத்துலயே பழைய தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைச்சிருக்கு. கோயிலை இடிச்சிருந்தா அது தப்புதான், அதைச் சொல்றதுல ஒரு கிறிஸ்தவனுக்கு என்ன தயக்கம். அதே சமயம் தோமா கல்லறைங்கறது போர்ச்சுகீசியர் வந்து கிளப்பினதுங்கறதும் சரியில்ல, அவங்களுக்கு 200 வருஷம் முன்னாடியே மார்கோ போலோ எழுதிட்டார், 1291 வாக்குல மோந்தே கொர்வினோ யோவான்ங்கற துறவி தோமா கோயில் இருக்கற நாட்டுல 13 மாசம் தங்கினதா தன் கடிதத்துல எழுதியிருக்கார். ரெண்டும் அந்தக் கடற்கரையில இருந்துச்சு. நூத்துக்கணக்கான வருஷம் பக்கத்துப் பக்கத்துல இருந்திருக்கு.

திருவள்ளுவர் தோமாவோட சீஷர்னு சொல்றது?

ஆதாரம் இல்ல. மயிலாப்பூர்ல ரெண்டு பேரையும் சேர்த்து வச்சுச் சொல்ற ஒரு கருத்து, பிற்காலத்துல கிளம்பினது. வள்ளுவருக்கு யாரோட சிபாரிசும் வேண்டாம், தோமாவுக்கும் வள்ளுவர் சீஷரா இருக்கணும்னு அவசியம் இல்ல.

"தோமா நற்செய்தி" ஏன் பைபிள்ல இல்ல?

1945-ல எகிப்துல நாக் ஹம்மாதியில ஒரு மண்ஜாடிக்குள்ள இருந்து கிடைச்ச கோப்டிக் மொழிச் சுவடிகள்ல அது ஒண்ணு. 114 வாக்கியங்கள், இயேசு சொன்னதா. பிறப்பு, சிலுவை, உயிர்ப்பு எதுவும் இல்ல. அப்போஸ்தலர் தோமா எழுதினதுனு கிட்டத்தட்ட எந்த அறிஞரும் சொல்றதில்ல, அவர் பேர்ல பின்னாடி எழுதினது. வாடிகன் மறைச்சு வச்சதுனு யூட்யூப்ல சொல்றது சுத்தப் பொய், எந்தப் புத்தகக் கடையிலயும் வாங்கலாம்.

கேரளாவுல தோமா கிறிஸ்தவங்க ஏன் இவ்ளோ சபையா இருக்காங்க?

சுருக்கமா. பல நூற்றாண்டு அவங்க பாரசீகத் திருச்சபையோட தொடர்புல, சிரியாக் மொழியில வழிபட்டாங்க, நஸ்ராணிகள்னு பேர். கி.பி. 849 தரிசாப்பள்ளிச் செப்பேடு, கொல்லத்துல அவங்க கோயிலுக்கு அந்தப் பகுதியை ஆண்ட ஐயனடிகள் குடுத்த உரிமைகளை வட்டெழுத்துல சொல்லுது, அதை எடுத்துப் படிச்சா நம்ம தமிழ் வாடை அடிக்கும். 1599-ல உதயம்பேரூர் சினாட்ல, அதாவது சபைக் கூட்டத்துல, போர்ச்சுகீசியர் அவங்களை லத்தீன் வழிக்குத் திருப்பப் பாத்தாங்க, பழைய சிரியாக் புத்தகங்களைத் திருத்தச் சொன்னாங்க, எரிக்கவும் சொன்னாங்க. இதை எதிர்த்து 1653 ஜனவரி 3 மட்டாஞ்சேரியில ஜனங்க திரண்டு சத்தியம் பண்ணினாங்க, கூனன் குரிசு சத்தியம். அதுல ஆரம்பிச்ச பிரிவுதான் இன்னிக்கு சீரோ மலபார், சீரோ மலங்கரை, ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய, மார்த்தோமானு வந்து நிக்குது. சண்டை எவ்ளோ இருந்தாலும் எங்களுக்கு விசுவாசம் குடுத்தது தோமாங்கறதுல மட்டும் அத்தனை பேரும் ஒண்ணு. கல்யாண வீட்டுல விளக்கைச் சுத்தி ஆடுற மார்க்கம்களியே அவர் கதைதான்.

திருநாள் ஜூலை 3-ஆ, டிசம்பர் 21-ஆ?

கத்தோலிக்கருக்கு 1969 வரை டிசம்பர் 21, அப்புறம் ஜூலை 3-க்கு மாத்தினாங்க. சிரியாக் மரபுல எப்பவுமே ஜூலை 3, எலும்புகள் எதெஸாவுக்கு வந்த நாள்னு, கேரளாவுல துக்றானானு சொல்வாங்க. சில ஆங்கிலிக்கன் சபைகள்ல இன்னும் டிசம்பர் 21. கிரேக்க ஆர்த்தடாக்ஸ்காரங்களுக்கு அக்டோபர் 6.

சிலையில கையில மூலமட்டம் (கொத்தனார் மூலை சரிபாக்குற கருவி) ஏன்?

அந்த அரண்மனைக் கதையாலதான். அதனால கட்டடக் கலைஞர்கள், கொத்தனார்கள், தச்சர்களுக்கு அவர் பாதுகாவலர். ஈட்டியோட இருந்தா அது வேதசாட்சிக்கு.

சுனாமி அப்போ தோமையார் கம்பம் சாந்தோமைக் காப்பாத்துச்சா?

சர்ச்சுக்குப் பின்னாடி கடற்கரைக்கு இறங்குற இடத்துல ஒரு கம்பம் இருக்கு, கடல் இதைத் தாண்டாதுனு அவர் சொன்னதா மரபு. 2004 டிசம்பர் 26 அலை சர்ச்சுக்குள்ள வரல, ஜனங்க அதை அவர் அருளா எடுத்துக்கிட்டாங்க, நான் அதை மறுக்கப் போறதில்ல. ஆனா இதைப் பெருமையா சொல்றப்போ எல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும், ஏன்னா கொஞ்ச தூரத்துல ஸ்ரீனிவாசபுரத்துல அன்னிக்கு வீடும் உயிரும் போச்சு. அவங்களும் இதே கரை ஜனம்தான். கம்பத்துக்கு மாலை போடுறவங்க அந்தப் பக்கமும் ஒரு நிமிஷம் திரும்பி நின்னு ஜெபம் பண்ணினா நல்லாருக்கும்.

எனக்கு விசுவாசத்துல நிறைய சந்தேகம் வருது, அவர்கிட்ட வேண்டிக்கலாமா?

வேற யார்கிட்ட போவீங்க? சாமியார்கிட்ட கேட்டா திட்டுவாரோ, வீட்டுல சொன்னா அழுவாங்களோனு பயந்து மனசுக்குள்ளயே வச்சிட்டு இருக்கற புள்ளைங்க நிறைய பேர் எனக்கு மெசேஜ் பண்றாங்க. நான் சொல்றது ஒண்ணுதான், அந்த எட்டு நாள். நம்ப முடியலனா நம்ப முடியலனு சொல்லுங்க, ஆனா அந்த ரூமை விட்டுப் போயிடாதீங்க. அதே மாதிரி பெத்தவங்களுக்கும், சந்தேகம் கேக்குற புள்ளையை வெளிய தள்ளாதீங்க, மத்த பத்து பேரும் தோமாவைத் தள்ளல.

ஒரே நாள்ல மூணு இடமும் போக முடியுமா?

தாராளமா. காலையில வெயில் ஏறும் முன்னாடி பரங்கிமலை, 300 அடி உயரம்தான், ஆனா வயசானவங்களைப் படியில ஏத்தாதீங்க, வண்டி போற ரோடு தனியா இருக்கு. மேல இருந்து பாத்தா விமானம் கண்ணுக்கு நேரா இறங்கும், குழந்தைங்க அதையே பாத்துட்டு நிக்கும், நிக்கட்டும். அங்கிருந்து மெட்ரோவுல சின்னமலை. மத்தியானம் சாப்பிட்டுட்டு சாந்தோம். கல்லறைச் சிற்றாலயத்துக்கு சர்ச்சுக்குப் பின்னாடி தனி வழி இருக்கு, முன்வாசல் வழியா போய்த் தேடிட்டு இருக்காதீங்க. கீழ இறங்கினா ஏசி சத்தம் மட்டும் கேக்கும், யாராவது ரெண்டு மூணு பேர் உட்கார்ந்திருப்பாங்க, பாதிப் பேர் நெத்தியில விபூதியோ குங்குமமோ வச்சிருப்பாங்க. போனை சைலன்ட்ல போட்டுட்டு நீங்களும் ஒரு ஓரமா உட்காருங்க.